தொடங்கும் நாளிலேயே நிறுத்தும் வழியையும் சொல்லுங்கள்: தமிழ்நாட்டின் மனநல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். ஆறு ஆண்டுகள் மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் மாத்திரை சாப்பிட்டு, அதை விட்டு வெளியே வர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொண்ட ஒரு நோயாளி இதை எழுதுகிறேன். 2016இல் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தவனை இரண்டே மாதத்தில் வேலைக்குத் திரும்ப வைத்தது அந்த மாத்திரைதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனநல மருந்தெல்லாம் மூளையைக் கெடுக்கும் விஷம் என்று பேசித் திரிபவர்களின் கையில் இந்த மடல் ஆயுதமாகிவிடக் கூடாது. என் குறை மருந்தின் மேல் அல்ல. அதைப் பற்றி எனக்குச் சொல்லாமல் விட்டவற்றின் மேல்.

"வயிறு கொஞ்சம் புரட்டும், ஒரு வாரத்தில் சரியாகிவிடும்." பக்க விளைவுகள் பற்றி எனக்குக் கிடைத்த விளக்கம் இவ்வளவுதான். பாலுறவில் ஆர்வமும் உணர்ச்சியும் குன்றுவது இவ்வகை மருந்துகளின் மிகப் பரவலான விளைவுகளில் ஒன்று என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் அம்மாவும் முதுகுக்குப் பின்னால் அடுத்த சீட்டுக்காரரும் நிற்கும் அறையில் அதை நானாக எப்படிக் கேட்டிருப்பேன்? என்னை வளர்த்த சித்தப்பா இறந்த வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் வராமல் நின்றதும், 'கல் நெஞ்சன்' என்று உறவினர்கள் பேசியதும் மருந்தோடு தொடர்புடையவையாக இருக்கலாம் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிய வந்தது.

2022இல் மருந்தை நிறுத்தலாம் என்று முடிவானபோது கிடைத்த அறிவுரை: இருபது மில்லிகிராமைப் பத்தாக்கி இரண்டு வாரம், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு வாரம், அத்தோடு முடிந்தது. கடைசி மாத்திரை போட்ட நான்காம் நாள், சாலையைக் கடக்க வலப்பக்கம் கண்ணைத் திருப்பினேன்; மண்டைக்குள் 'சர்ர்' என்று ஒரு மின்னதிர்ச்சி ஓடிக் கால் தடுமாறியது. அன்று முதல் கண்ணைத் திருப்பும்போதெல்லாம் அதுவே நடந்தது. தலைசுற்றல், வியர்வை, விடியும்வரை கொடுங்கனவுகள், மனைவியிடம் காரணமில்லாத சீற்றம் எல்லாம் சேர்ந்துகொண்டன. நோய் திரும்பிவிட்டது என்று சொல்லி மீண்டும் இருபது எழுதிக் கொடுத்தார்கள். மூன்றே நாளில் அத்தனையும் அடங்கிவிட்டன. மனச்சோர்வில் இந்த மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்று முதல் நாள் சொன்னது நீங்கள்தானே? திரும்பி வந்தது நோயென்றால் மூன்று நாளில் எப்படி அடங்கும்? என் மனச்சோர்வில் அந்த மின்னதிர்ச்சி ஒருநாளும் இருந்ததில்லை என்பதையும் எவரும் கேட்கவில்லை.

இவ்வகை மருந்துகளை மெதுவாகக் குறைப்பது பற்றி மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2019இல் 'லான்செட் சைக்கியாட்ரி' என்ற மனநல மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை உங்களுக்குப் புதிதாக இருக்காது. என் மருந்தின் நெருங்கிய உறவான சிட்டலோபிராம், 20 மில்லிகிராம் அளவில், மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைத் திரும்ப உறிஞ்சும் கடத்திகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைப் பிடித்து வைக்கிறது. அளவைப் பாதியாக்கினாலும் 70க்கும் மேல் நிற்கிறது; ஐந்தாக்கினாலும் 60ஐ ஒட்டியே இருக்கிறது; மிச்சம் முழுவதும் அந்தக் கடைசி ஐந்து மில்லிகிராமுக்குள் சரிகிறது. மேல் படிகளெல்லாம் அரையடி உயரமாகவும் கடைசிப் படி மட்டும் ஆள் உயரமாகவும் உள்ள கிணற்றில் இறங்குவது போன்றது இது. ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பது அதைவிடக் கொடுமை: அரை ஆயுள், அதாவது உடலில் பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், 30 மணி அளவில் உள்ள மருந்து 48 மணி நேரத்தில் ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்காக இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்குகிறது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2024இல் அதே இதழில் வந்த, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்த தொகுப்பாய்வு, மருந்தை நிறுத்தியதனாலேயே அறிகுறிகள் வருவது ஆறேழு பேரில் ஒருவருக்கு என்றும், கடுமையாக வருவது ஏறத்தாழ 35 பேரில் ஒருவருக்கு என்றும் கணக்கிட்டது. உங்கள் ஒருநாள் கூட்டத்தில் அந்த முப்பத்தைந்தாவது ஆள் உட்கார்ந்திருக்கக்கூடும்.

இரண்டாம் முறை வேறொரு மருத்துவரின் மேற்பார்வையில் மாதக்கணக்கில் இறங்கினேன். நான் விசாரித்த எந்தக் கடையிலும் இதன் திரவ வடிவம் கிடைக்கவில்லை. ஐந்து மில்லிகிராம் மாத்திரையைச் சவரப் பிளேடால் நறுக்கினால் ஒரு துண்டு தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். கடைசியில் தெற்காவணி மூல வீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் மாமாவின் தராசில், பொன் துகளுக்குப் பக்கத்தில் மாத்திரைத் தூளை எடை போட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தட்டை மட்டும் துடைத்துக் கொடுத்தார்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 22ஆம் பிரிவு, சிகிச்சையின் தெரிந்த பக்க விளைவுகளை நோயாளிக்குப் புரியும் மொழியில் அறியும் உரிமையைத் தருகிறது. ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். மருந்து தொடங்கும் நாளிலேயே, நிறுத்தும்போது என்ன வரக்கூடும், எவ்வளவு மெதுவாக இறங்க வேண்டும், தானாக ஒரேயடியாக நிறுத்தினால் என்ன ஆகும் என்பவற்றைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். படுக்கையறை பற்றிய கேள்வியை, உடன் வந்தவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, நீங்களே கேளுங்கள். இந்த மருந்தோடு, பதற்றத்தைத் தணிக்கும் குளோனசிபாமையும் சேர்த்த கூட்டு மாத்திரையை மாதக்கணக்கில் நீட்டிக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள். இரண்டையும் தனித்தனியே குறைக்க அதில் வழியில்லை. மருந்து குறைத்த சில நாட்களுக்குள் வரும் புதிய தொல்லைகளை, நோய் திரும்பியதாக எழுதும் முன் இன்னொரு முறை விசாரியுங்கள்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பீர்கள். வெளியே காத்திருக்கும் வரிசையை நானும் பார்த்திருக்கிறேன். என் பழைய சீட்டுகளை இன்னும் ஒரு பையில் வைத்திருக்கிறேன். அத்தனை சீட்டுகளின் பின்பக்கமும் வெறுமையாகத்தான் இருக்கிறது. பத்து வரி தாராளமாக எழுதலாம்.

இப்படிக்கு,
உங்கள் சிகிச்சையில் இருந்த ஒருவன்,
மதுரை