பூக்கல் வடிவமும் இணையப் படத்தரமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல்லின் வடிவங்களை இணையத்தில் ஏற்றுவோர் பலர் இன்னும் ஜேபெக் (JPEG) என்ற படக்கோப்பு வகையை விடுவதாயில்லை. அது படத்தை 8x8 புள்ளிக் கட்டங்களாக நறுக்கிச் சுருக்குவதால் சிவப்பும் கறுப்பும் சேரும் ஓரம் கலங்கிவிடும். பிஎன்ஜி (PNG) வகையில் கலங்காது. 1994 கடைசியில் ஜிஃப் (GIF) என்ற பழைய படக்கோப்பு வகையின் சுருக்கமுறைக்குக் காப்புரிமைக் கட்டணம் என்றதும் எழுந்த எதிர்ப்பில், பலர் பொதுவில் வாதாடி உருவாக்கிய கோப்பு வகை அது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி (W3C) அமைப்பு 1996இல் அதைப் பரிந்துரைத்தது.

படத்தைப் புள்ளிகளாக அன்றிக் கோடுகளாகவும் உருவங்களாகவும் எழுதிவைக்கும் எஸ்விஜி (SVG) இன்னும் தோது. ஒரு கல்லை வரைந்து, அதைத் திரும்பத் திரும்ப அடுக்கும் 'பேட்டர்ன்' குறியைக் கொடுத்தால் முற்றம் முழுக்கப் பரவும். கல்லின் அகலம் திரையின் முழுப் புள்ளியில் அமையாவிட்டால் கல்லுக்கு நடுவே வெள்ளைக் கீற்று தெரியும். அடியில் அதே நிறத்தில் ஒரு கட்டம் போட்டால் மறையும்.

டபிள்யூ3சி வரைவுகளுக்கு உறுப்பினரல்லாதவரும் கருத்து எழுதலாம். எஸ்விஜியில் வளைகோட்டின்மேல் ஓடவிடும் தமிழெழுத்தில் கொம்பு விலகினால் முகநூலில் புலம்பிப் பயனில்லை. சிறு மாதிரிக் கோப்பு, உலாவியின் பதிப்பு, சரியான தோற்றத்தின் படம், மூன்றையும் சேர்த்து ஆங்கிலத்தில் டபிள்யூ3சிக்கு அனுப்புங்கள்.

வரைகலைப் பணியாளர்கள் சிலர்,
காரைக்குடி