வடக்குச் சுவரைக் காத்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

சாரம் பிரித்தாயிற்று. இத்தனை மழைக்குப் பிறகும் நம் ஆலயத்தின் வடக்குச் சுவரின் உட்பக்கம் ஈரமில்லாமல் இருக்கிறது. நாம் எதற்குப் பயந்தோம் என்பது உங்களுக்கே தெரியும், அதைத் திரும்பச் சொல்ல மனமில்லை. கைகூப்பி நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, தன் பெயரை எங்கும் போடக்கூடாது என்று கேட்டுக்கொண்ட ஓய்வுபெற்ற கொத்தனார் ஐயாவுக்கு. ஒப்பந்தத்தில் அவர் இல்லை, கூலியும் வாங்கவில்லை. வேலையாட்கள் வராத சனி, ஞாயிறுகளில் தானாக வந்து சுவருக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற வேலையெல்லாம் வீணாகியிருக்கும்.

பலிபீடப் பகுதியின் அந்தச் சுவர் 13ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம். மென்மையான சுண்ணக்கல், சுண்ணாம்புச் சாந்து. பிற்காலத்தில் யாரோ நல்லெண்ணத்தில் கல் இடுக்குகளில் சிமெண்ட் பூசிவிட்டார்கள். சிமெண்ட் கல்லைவிடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது. மயிரிழை விரிசலில் புகுந்த மழைநீர் இடுக்கு வழியே உலர முடியாமல் கல் வழியே உலரும். உப்பு கல்லின் மேல்தோலுக்குள் படிகமாகும், பனியில் நீர் உறைந்து விரியும், கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். கடைசியில் சிமெண்ட் மட்டும் வரப்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும், கல் உள்வாங்கிப் போயிருக்கும்.

அதனால் சிமெண்டைக் கை உளியாலேயே எடுத்தார்கள். மின்சாரச் சுழல் வெட்டி கல்லின் விளிம்பைக் கடித்துவிடும். இடுக்கின் அகலத்தைப் போல் குறைந்தது இரு மடங்கு ஆழம் தோண்டி, தூசி தட்டி, நனைத்து, ஒரு பங்கு நீரில் இறுகும் சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு கூர்மணல் சேர்த்த சாந்தை அழுத்தி அடைத்தார்கள். கட்டைவிரல் பதியாத பக்குவம் வந்ததும் விறைப்பான தூரிகையால் குத்தி, மணல் தெரியும்படி மேற்பரப்பைத் திறந்துவிட்டார்கள். ஈரம் வெளியேறும் வாசல் அதுதான்.

பிறகுதான் ஆபத்து. காற்றிலும் வெயிலிலும் சட்டென்று உலர்ந்தால் சுண்ணாம்பு பிடிக்காது, விரலால் தேய்த்தாலே பொடியாகும். 5 டிகிரிக்குக் கீழே குளிர் போனாலும் கெட்டது. சுவருக்கு முன்னால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, அதைக் காயவிடாமல் பார்க்க வேண்டும். ஐயா சாக்கைத் தூக்குவார், புறங்கையால் இடுக்கைத் தொட்டுப் பார்ப்பார், கைத்தெளிப்பானால் பனித்துளி போலத் தெளிப்பார். குழாயை அவர் தொட்டதே இல்லை. வேகமாகப் பாயும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் வெள்ளைக் கோடாக இறக்கிவிடும். இரவு பனி விழும் என்று அறிவிப்பு வந்தால் காய்ந்த சாக்கும் தார்ப்பாயும் கட்டிவிட்டுத்தான் போவார்.

1877இல் ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸும் நண்பர்களும் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது, புதுப்பிக்கிறேன் என்று பழையதை அழிக்காதீர்கள், அன்றாடப் பராமரிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள் என்றுதான் கேட்டார்கள். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் இங்கிள்ஷம் ஆலயத்துக்குள் நுழைந்தால், பல நூற்றாண்டுச் சுவரோவியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே இருப்பதைப் பார்க்கலாம். அதைப் பழுதுபார்க்க மோரிஸ் துணைநின்றார். அன்றாடப் பராமரிப்பு என்றால் என்ன என்பதை நாங்கள் அந்தத் தெளிப்பானில் பார்த்தோம்.

சாரம் கட்டியவர்கள், கட்டடக் கலைஞர், அனுமதி தந்த திருமண்டல ஆலோசகர்கள், வௌவால்களுக்குத் தொந்தரவு வராமல் வேலைக்கு நாள் குறித்துத் தந்தவர், அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்ததால் வெயிலில் விரிந்து விரிந்து கிழிந்த கூரை ஈயத் தகடுகளைச் சிறிதாகப் பிரித்துப் போட்டவர்கள், தேநீர் கொண்டுவந்தவர்கள், பணம் தந்த தமிழ் ஆராதனைக் குடும்பங்கள் உட்பட எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இனி கூரைத் தூம்பு அடைத்துக்கொள்ள விடமாட்டோம். இலையுதிர்ந்து முடிந்ததும் தூம்புகளைச் சுத்தம் செய்வோம். கனமழையில் குடையோடு ஆலயத்தைச் சுற்றி வந்து, நீர் எங்கே சுவரில் வழிகிறது என்று குறித்துவைப்போம். வர முடிந்தவர்கள் வாசலில் உள்ள தாளில் பெயர் எழுதுங்கள். கையுறையும் வாளியும் போதும், ஏணி ஆலயத்திலேயே இருக்கிறது.