‘ஒன்றும் இல்லை’ என்பது பதில் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளின் பதற்றக் கோளாறு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை நல்ல முயற்சி. ஆனால் பிள்ளை எதற்குப் பயப்படுகிறதோ அதிலிருந்து விலக்கி வையுங்கள் என்று முடித்திருந்தார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. அதைத்தான் நான் ஒரு வருடம் முழுக்கச் செய்தேன்.

என் மகளுக்கு அது 11 வயதில் வயிற்றுவலியாகத்தான் வந்தது. ஞாயிறு சாயங்காலம் மெல்ல ஆரம்பிக்கும், திங்கள் காலையில் துடிப்பாள், “சரி, இன்றைக்குப் போக வேண்டாம்” என்று சொன்ன அரை மணி நேரத்தில் வலி போயிருக்கும். நடிக்கிறாள் என்றார்கள் உறவினர்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு “ஒன்றும் இல்லை” என்றார்கள் மருத்துவர்கள். வலி பொய்யில்லை என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆபத்து என்று மூளை முடிவு செய்துவிட்டால் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், குடலுக்குப் போகிற ரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குப் போகும், அப்புறம் வயிறு வலிக்காமல் என்ன செய்யும்?

நான் என்ன செய்தேன்? லீவு லெட்டர் எழுதினேன். யாராவது அவளிடம் பேசினால் நானே பதில் சொன்னேன். “எதுவும் ஆகாதுல்லம்மா?” என்று இருபது தடவை கேட்டால் இருபது தடவையும் ஆகாது என்றேன். பாசம்தான். ஆனால் ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும், போயிருந்தால் ஏதோ ஆகியிருக்கும் என்றுதான் அவள் மனம் கற்றுக்கொண்டது, போய்ப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொள்ள நான் அவளை விடவே இல்லை.

அதற்காகத் திட்டி இழுத்துக்கொண்டு போய் விடுவதும் மருந்தில்லை, அதையும் செய்து பார்த்தாயிற்று. கடைசியில் உதவியது சிபிடி என்கிற பேச்சுமுறை சிகிச்சை. முதலில் பள்ளி வாசல் வரை போய்த் திரும்புவது, அடுத்து ஒரே ஒரு வகுப்பு, பிறகு அரை நாள் என்று பயத்தைப் படிப்படியாகச் சந்திக்க வைப்பார்கள். மாதக்கணக்கில் ஆனது, நடுவில் இரண்டு முறை பழைய இடத்துக்கே வந்து நின்றோம்.

மாத்திரை என்றதும் பதறுகிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்காவில் பதற்றக் கோளாறு உள்ள, 7 முதல் 17 வயது வரையான 488 பேரிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரத்தில் சிபிடி மட்டும் பெற்றவர்களில் 60 சதவீதம், பதற்றத்துக்குக் கொடுக்கிற செர்ட்ராலின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 55, இரண்டும் சேர்ந்து பெற்றவர்களில் 81 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 24 தான். எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை வேண்டும் என்று சொல்லவில்லை, மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்தால் ஓடாதீர்கள் என்கிறேன். பின்னாளில் யேல் பல்கலைக்கழகத்தில், பிள்ளையை விட்டுவிட்டுப் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைக்கு நேரடியாக சிபிடி கொடுத்ததற்குக் குறையாத பலன். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

இன்னொரு விஷயத்தையும் கட்டுரையில் காணோம், பதற்றம் எப்போதும் பயம் மாதிரியே வெளியில் தெரியாது. வீட்டில் வாய் ஓயாமல் பேசிவிட்டுப் பள்ளியில் ஒரு வார்த்தை பேசாத பிள்ளையைத் திமிர் என்கிறோம். ஒரு எழுத்து கோணினாலும் பக்கத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிற பிள்ளையை ‘எவ்வளவு பொறுப்பு’ என்று பாராட்டுகிறோம் (ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் பாராட்டியிருக்கிறேன்). பரீட்சைக்கு முந்தின இரவு பயப்படாத பிள்ளை கிடையாது, அது நோயும் இல்லை. பயம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விடாமல் நின்று தூக்கம், படிப்பு, நண்பர்கள் என்று ஒவ்வொன்றாகப் பறிக்க ஆரம்பித்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு என்றால் இன்றும் வயிறு வலிக்கும், வலியோடேயே போய்விட்டு வருவாள். அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதினேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி