கொட்டகையை விட்டுவிட்டு நடிகர்களின் வரலாற்றை எழுத முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்ககால நட்சத்திரங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் தொடரை ஆர்வத்துடன் படித்து வருகிறேன். அரிய புகைப்படங்களைத் தேடிப் பிடித்து வெளியிடும் உழைப்புக்கு என் நன்றி. ஆயினும், எம்.கே. தியாகராஜ பாகவதரைப் பற்றிய கட்டுரை 1934-இல் வெளிவந்த 'பவளக்கொடி'யில் தொடங்கி, மூன்று தீபாவளிகளைக் கண்ட 'ஹரிதாஸ்', அவரைச் சிறைக்கு அனுப்பிய லட்சுமிகாந்தன் கொலை வழக்கு, 1947-இல் விடுதலை, 1959-இல் மரணம் என்று முடிந்துவிட்டதையும், அதற்கு முந்தைய அவருடைய நாடக வாழ்க்கை ஒரே வரியில் அடங்கிவிட்டதையும் கண்டு இக்கடிதத்தை எழுதுகிறேன். திருச்சியில் ரசிக ரஞ்சனி சபாவின் அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசனாகச் சிறுவயதிலேயே மேடையேறியவர் அவர். 'பவளக்கொடி'யும், எஸ்.டி. சுப்புலட்சுமியுடன் அவர் மேடையில் நடித்துப் புகழ்பெற்ற நாடகமே ஆகும். மக்கள் ஏற்கெனவே கொட்டகையில் கேட்டு மயங்கிய குரலைத்தான் சினிமா விலைக்கு வாங்கியது. இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டால், அந்தத் தலைமுறை நடிகர்களின் திறமை எங்கிருந்து வந்தது என்பதே விளங்காமல் போய்விடும்.

அக்கால நடிகர்கள் பலருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தவை, சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்ட பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுக்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள், ஸ்திரீபார்ட் எனப்படும் பெண் வேட நடிகரான கண்ணுசாமிப் பிள்ளையின் மக்கள். அவர்களில் சிறுவனாயிருந்த டி.கே. சண்முகத்தின் திறமையைக் கண்ட சுவாமிகள், அவன் நடிப்பதற்கென்றே அபிமன்யு நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் இன்றும் பெருமையுடன் சொல்லிக்கொள்ளும் செய்தி. சுவாமிகள் வெறும் ஆசிரியர் மட்டும் அல்லர். எமன், சனீஸ்வரன், இரணியன் போன்ற வேடங்களில் பார்ப்பவர்களை நடுங்கவைத்த நடிகரும் ஆவார். பக்கவாதத்தால் கையும் காலும் முடங்கிய நிலையில் 1922-இல் புதுச்சேரியில் காலமானார். அவர் உயிருடன் இருந்தவரை தமிழில் ஒரு பேசும்படம்கூட வரவில்லை. ஆனால் பேசும்படத்தின் முதல் இருபது ஆண்டுகளில் ஒலித்த நடையிலும் பாட்டிலும் அவருடைய கை இல்லாத இடம் குறைவு.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கையை இன்று இனிமையாக மட்டும் எழுதுவதும் சரியாகாது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் சோற்றுக்காகவே அங்கே சேர்க்கப்பட்டார்கள். விடியற்காலையில் பாடம், பகலில் ஒத்திகை, இரவில் நாடகம், ஊர்விட்டு ஊர் பயணம், தவறினால் அடி என்பதே அவர்களுடைய இளமை. இவற்றையெல்லாம் தாங்கிய பையனையும் ஒரு நாள் மகரக்கட்டு வந்து மறித்துவிடும். குரல் உடையும் பருவத்தில் உச்சஸ்தாயி போய்விட்டால், நேற்றுவரை ராஜபார்ட்டாக, அதாவது நாயக வேடத்தில், நின்றவனுக்குக் கம்பெனியில் வேலை இல்லை. எங்கள் புதுக்கோட்டையைச் சேர்ந்த பி.யு. சின்னப்பாவுக்கும் இதுவே நேர்ந்தது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் கொடிகட்டிப் பறந்தவர், குரல் உடைந்தபின் ஊர் திரும்பினார். அந்த இடைவெளியில் அவர் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. முறையாகச் சங்கீதம் பயின்றார், சிலம்பமும் கற்றார். 1940-இல் 'உத்தமபுத்திர'னில் இரட்டை வேடத்தில் வாள் வீசியதும், 1944-இல் 'ஜகதலப்பிரதாப'னில் ஐந்து சின்னப்பாக்களாகத் தோன்றிப் பாடியும் வாத்தியங்களை வாசித்தும் காட்டியதும், வேலையற்று இருந்த அந்த ஆண்டுகளின் பயிற்சியிலிருந்து வந்தவை என்றே நான் கருதுகிறேன். 1951-இல், முப்பத்தைந்து வயதில், அவர் மறைந்தார். அவரைப் பற்றிய கட்டுரைகளில் அந்த இளமைக்கால மரணம் விரிவாக எழுதப்படுகிறது. அதற்கு முந்தைய பயிற்சி எழுதப்படுவதில்லை.

குரலுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்று இளைய வாசகர்கள் கேட்கக்கூடும். ஒலிபெருக்கி வராத காலத்தில், கீற்றுக் கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும்; ஆர்மோனியத்தின் உயர்ந்த சுருதிக்கு ஈடுகொடுத்து விடியும்வரை பாடவேண்டும். செங்கோட்டையில் 1906-இல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா இந்தக் கலையின் உச்சியில் நின்றவர். அவர் ஒரு பேசும்படத்திலும் நடிக்கவில்லை. 1933 டிசம்பர் 2 அன்று, இருபத்தேழு வயதில், அவர் மறைந்தபோது தமிழ்ப் பேசும்படத்துக்கு வயது இரண்டு. அவருடைய நடிப்பில் ஓர் அசைவுகூட நமக்கு மிஞ்சவில்லை. மிஞ்சியவை கிராமபோன் தட்டுகள் மட்டுமே. அந்தத் தட்டுகளைக் கேட்ட எவரும், திரைக்கு வந்தவர்கள்தான் பெரிய நடிகர்கள் என்று பேசமாட்டார்கள்.

கிட்டப்பாவின் மனைவி கே.பி. சுந்தராம்பாளைப் பற்றி எழுதும்போதெல்லாம், 1935-இல் வந்த 'நந்தனார்' படத்துக்காக அவர் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் தவறாமல் குறிப்பிடப்படுகிறது. அந்தத் தொகை வியப்பூட்டுவதுதான். ஆனால் ஒரு பெண் நந்தனாராக, ஆண் வேடத்தில் நடித்ததை அன்றைய மக்கள் ஏன் இயல்பாக ஏற்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆண்கள் ஸ்திரீபார்ட்டாகவும் பெண்கள் ராஜபார்ட்டாகவும் வருவது மேடையில் அன்றாட வழக்கம். கும்பகோணம் பாலாமணி அம்மாளின் குழுவில் பெண்களே எல்லா வேடங்களையும் ஏற்றார்கள். கொடுமுடியில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் வறுமையை அறிந்து, நாடக மேடையில் வளர்ந்து, இருபத்தைந்து வயதில் கணவரை இழந்து, பின்னர் 1958-இல் சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும் ஆன ஒருவரின் வாழ்க்கையை ஒரு சம்பளத் தொகையாகச் சுருக்கிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

திருவையாறு டி.பி. ராஜலட்சுமியின் நிலை இன்னும் வேதனையானது. சிறுமியாகவே மணமுடிக்கப்பட்டு, அந்த வாழ்க்கை நிலைக்காமல், குடும்பத்தைக் காப்பாற்ற மேடைக்கு வந்தவர் அவர். 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் திரையிடப்பட்ட, தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தின் நாயகி. அப்போது சென்னையில் பேசும்பட ஸ்டுடியோ கிடையாது என்பதால் படப்பிடிப்பு பம்பாயில் நடந்தது. நாயகன் தெலுங்கில் பேச இவர் தமிழில் பேசினார். மேடையில் பாடிப் பழகிய தேசியப் பாடல்களைப் படத்திலும் பாடினார். 1936-இல், தாம் எழுதிய நாவலைத் தாமே 'மிஸ் கமலா' என்ற படமாகத் தயாரித்து இயக்கி, தமிழின் முதல் பெண் இயக்குநரானார். 'காளிதாஸ்' படத்தின் ஒரு பிரதிகூட இன்று நம்மிடம் இல்லை. முதல் பேசும்படத்தையே காப்பாற்றாத நாம், அதில் நடித்தவர்களைப் பற்றிய காகிதங்களையாவது காப்பாற்றியிருக்க வேண்டாமா?

திரையில் முகம் காட்டாததாலேயே தங்கள் தொடரில் இடம்பெறாமல் போகக்கூடிய ஒருவரையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாத தாஸ், முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தச் சாதியின் பெயரால் அவருடன் சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் உண்டு. புராண நாடகத்தின் நடுவே மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய 'கொக்குப் பறக்குதடி பாப்பா' போன்ற பாடல்களைப் பாடி, வெள்ளையராட்சியைக் கண்டித்து, பலமுறை சிறை சென்றவர். காவலர்கள் கொட்டகைக்குள் காத்திருப்பார்கள் என்பது தெரிந்தே அவர் பாடினார். மக்களும் அது தெரிந்தே சீட்டு வாங்கினார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நாடகத்தில், முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் அரசு அவருக்கு நினைவில்லம் அமைத்திருக்கிறது என்பது ஆறுதல். ஆனால் நடிகர்கள் அரசியலுக்கு வந்த வரலாற்றைச் சினிமாவிலிருந்து தொடங்கும் கட்டுரைகளை இன்றும் படிக்கிறேன். அவற்றில் இவர் பெயர் இருப்பதில்லை.

பெயர் நிலைத்தவர்களைப் பற்றியாவது இவ்வளவு சொல்ல முடிகிறது. பஃபூன்கள், திருடன் வேடமேற்ற கள்ளபார்ட்டுகள், ஆர்மோனியக்காரர்கள், சீன் கட்டியவர்கள் ஆகியோரின் பெயர்கள் நாடக நோட்டீசுகளில் மட்டுமே இருக்கின்றன. பேசும்படம் வந்து கொட்டகைகளையே பிடித்துக்கொண்டபோது, பாட்டும் தோற்றமும் வாய்த்த சிலர் சினிமாவுக்குப் போனார்கள். மற்றவர்கள் திருவிழா மேடைகளை நம்பி, நிரந்தரக் கம்பெனி இல்லாமல் அந்தந்த இரவுக்கு நடிகர்களை அழைத்து நடத்தும் ஸ்பெஷல் நாடகத்தில் காலம் தள்ளினார்கள். மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் கோயில் திருவிழா இரவுகளில் இன்றும் அந்த மரபு நடக்கிறது. அதே சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களையே அவர்கள் பாடுகிறார்கள். முதிய நாடகக் கலைஞர்களுக்கு அரசு வழங்கும் உதவித்தொகை உண்மையில் தேவைப்படுவோர் அனைவரையும் எட்டவேண்டும் என்பதைத் தனிக் கடிதமாகவே எழுதவேண்டும். இங்கே குறிப்பிட்டு மட்டும் விடுகிறேன்.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. தங்கள் அலுவலகத்துப் பழைய இதழ்த் தொகுப்புகளில் நாடக விளம்பரங்கள் இருக்கக்கூடும். தொடரின் ஒவ்வொரு பகுதியுடனும் அவற்றில் ஒன்றைத் தெளிவாக அச்சிடுங்கள். யார் எந்த வேடம் ஏற்றார், தரைச் சீட்டு எவ்வளவு, எந்த ஊரில் எத்தனை நாள் நாடகம் நடந்தது என்ற விவரங்கள், நினைவிலிருந்து எழுதப்படும் கட்டுரைகளைவிட நம்பத் தகுந்தவை. அடுத்து, வீட்டுப் பரணில் கிடக்கும் நாடக நோட்டீசுகளையும் பாட்டுப் புத்தகங்களையும் கிராமபோன் தட்டுகளையும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம் என்று வாசகர்களுக்கு ஓர் அறிவிப்பு வெளியிடுங்கள். எங்கள் மாவட்டத்தை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் இத்தகைய காகிதங்களைத் தேடித் தேடிச் சேர்த்ததால்தான், சென்னையில் அவர் பெயரால் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்தில் இன்று அவற்றைப் பார்க்க முடிகிறது. வாசகர்கள் தெரிவிக்கும் பொருள்களின் பட்டியலை அந்த நூலகத்துக்கோ வேறு பொது நூலகத்துக்கோ தாங்கள் அனுப்பிவைத்தால், தொடர் முடிந்த பின்னும் ஆய்வாளர்களுக்கு அது பயன்படும். என்னிடம் இருக்கும் சில பாட்டுப் புத்தகங்களின் விவரத்தை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நீண்டநாள் வாசகர்,
புதுக்கோட்டை