எங்க ஊர்ப் புலி சாப்பிடுதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், உயிரியல் பூங்கா எல்லாமே சிறைதான், இழுத்து மூடுங்கள் என்று எழுதியிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. சின்ன வயதில் சமவெளியில் ஒரு ஊரில், உடம்பைத் திருப்பக்கூட இடமில்லாத கூண்டில் ஒரு சிறுத்தையைப் பார்த்துவிட்டு, அன்று ராத்திரி சோறு இறங்காமல் படுத்தவள் நான். ஆனால் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற எனக்கு வேறு சிலதும் தெரியும், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2021-ஐ நீலகிரிக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். வனத்துறை டி23 என்று பெயர் வைத்திருந்த புலி. தேவன் எஸ்டேட்டிலும் மசினகுடியிலும் அது ஆளை அடித்துக் கொன்றபிறகு கொழுந்து பறிக்கப் போகவே பெண்கள் பயந்தார்கள், பிள்ளைகளை வாசலுக்குக்கூட விடவில்லை, சாயங்காலம் நாலு மணிக்கே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் கதவைச் சாத்திவிடுவார்கள். கும்கி யானை, மோப்ப நாய், ட்ரோன் எல்லாம் வைத்து 21 நாள் தேடினார்கள். சுட்டுத் தள்ளுங்கள் என்று ரோட்டில் உட்கார்ந்தவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், செத்தவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தால்தான் அது தெரியும். புலியை உடனே கொன்றுவிட வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கடைசியில் அக்டோபர் 15ஆம் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து, காயத்தோடு இருந்த அதை மைசூருக்குக் கொண்டுபோனார்கள். மைசூர் உயிரியல் பூங்காவை நடத்துகிறவர்கள் கூர்கள்ளியில் ஒரு மறுவாழ்வு மையம் வைத்திருக்கிறார்கள், அங்கேதான் சிகிச்சை.

அந்த வாசகரிடம் கேட்கிறேன், அன்றைக்கு மைசூரில் அந்த இடமும், புலிக்கு மருந்து கொடுக்கத் தெரிந்த டாக்டர்களும், புலியோடு பழகின கீப்பர்களும் இல்லாமல் இருந்திருந்தால் அதை என்ன செய்திருப்பார்கள்? திரும்பவும் காட்டில் விட எங்கள் ஆட்கள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். துப்பாக்கிதான் மிச்சம்.

அடுத்த வருஷம் டிசம்பரில் பிள்ளைகளை மைசூருக்குக் கூட்டிப்போனோம். ராத்திரியில் பந்திப்பூர் வழியாக வண்டி விட மாட்டார்கள், காலை ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள், அதனால் மாநில எல்லையில் கக்கநல்லா சோதனைச் சாவடியில் பனியில் நடுங்கிக்கொண்டு நின்று, குண்டலுப்பேட்டை, நஞ்சன்கூடு தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். (செவ்வாய்க்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், பூங்காவுக்கு விடுமுறை.) 1892-ல் மகாராஜா காலத்தில் தொடங்கினது, மரங்களே நூறு வயதைத் தாண்டியிருக்கும் போல. ஒட்டகச்சிவிங்கி, கொரில்லா என்று எல்லாம் ஓடி ஓடிப் பார்த்தார்கள். புலி இருக்கிற இடத்துக்கு வந்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, அவள் வீடு தேவன் எஸ்டேட் பக்கம்தான், அங்கே நின்ற கீப்பரிடம் நேரே போய், "எங்க ஊர்ப் புலி எங்கண்ணே?" என்று கேட்டாள். அவருக்குக் கன்னடம் கலந்த தமிழ். அது இங்கே இல்லம்மா, அந்த மாதிரி புலியை ஜனங்களுக்குக் காட்ட மாட்டாங்க, மனுஷங்களைப் பார்த்தாலே அதுக்கு மிரட்சி, கம்பியில் மோதி மூஞ்சியைக் கிழிச்சுக்கும் என்றார். இவள் விடவில்லை. "சாப்பிடுதா?" என்றாள்.

அந்த மனுஷர் குனிந்து உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். காட்டிலிருந்து வருகிற புலி முதலில் சில நாள் கறியைத் தொடாமல் கிடக்குமாம். ஒருவரே தினமும் போய், ஒரே குரலில் கூப்பிட்டு, ஒரே நேரத்தில் வைத்தால் மெல்ல மெல்ல வருமாம். வைத்தது எத்தனை கிலோ, மிச்சம் எவ்வளவு, சாணம் எப்படி இருந்தது என்று தினமும் நோட்டில் எழுத வேண்டும், ஒரு நாள் மிச்சம் அதிகமானால் உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுவதும் அதன் வயிற்றுக்காகத்தான். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் பயமாக மட்டுமே இருந்த ஒரு மிருகத்தைப் பற்றி, அதற்கு வயிறு சரியில்லை என்றால் கவலைப்பட ஒருத்தர் இருக்கிறார் என்று அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் பத்து வருஷம் வகுப்பில் கத்தியும் இது நடக்கவில்லை.

இன்னொன்று. 2021 ஜூனில் வண்டலூரில் நீலா என்ற பெண் சிங்கம் செத்து, கொரோனா தொற்று இருந்தது தெரியவந்தது. சில நாட்களிலேயே முதுமலையில் தெப்பக்காடு யானைகள் முகாமில் இருந்த 28 யானைகளுக்கும் தும்பிக்கையிலிருந்து மாதிரி எடுத்து உத்தரப் பிரதேசத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு சிங்கத்துக்கு வந்த நோய், முதுமலை யானையைக் காப்பாற்றச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. தினமும் டாக்டர் பார்க்கிற இடமாக இருந்ததால்தானே அது வெளியே வந்தது? காட்டுக்குள் செத்திருந்தால் யாருக்குத் தெரியும்.

பாறுக் கழுகும் அப்படித்தான். மாட்டுக்குப் போடுகிற டைக்ளோஃபினாக் வலி ஊசி, அந்த மாடு செத்தபின் அதைத் தின்கிற பாறுவின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. 2006-ல் அதை மாட்டுக்குப் போடக்கூடாது என்று தடை வந்தது, ஆனால் அதற்குள் இந்தியா முழுக்கக் கூட்டம் கூட்டமாகப் போய்விட்டன. எங்கள் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் கூடு கட்டுகின்றன. வருஷத்துக்கு ஒரே முட்டைதான் இடும். ஹரியானாவில் பிஞ்சோர் பாறு இனப்பெருக்க மையத்தில் முதல் முட்டையை எடுத்து இயந்திரத்தில் பொரிக்க வைத்தால் தாய் இன்னொன்று இடுகிறது என்று செய்து காட்டினார்கள். ஹைதராபாத், போபால், புவனேஸ்வர், ஜூனாகத் உயிரியல் பூங்காக்களும் பாறு வளர்க்கிற வேலையில் இருக்கின்றன. மசினகுடிக்கு மேலே வட்டமடிக்கிறவை ஒருவேளை இல்லாமல் போனால், மிச்சம் இருக்கப்போவது அந்தப் பறவைகள்தான். நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது, ஆனால் உண்மை.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. இடமில்லாமல், டாக்டர் இல்லாமல் சும்மா வேடிக்கைக்கு வைத்திருக்கிற பூங்காவை மூடத்தான் வேண்டும். அதைப் பார்க்கத்தானே 1992-லிருந்து மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் இருக்கிறது, அதன் அங்கீகாரம் இல்லாமல் யாரும் நடத்த முடியாது. அப்புறம் எங்கள் ஊர்க்காரர்களுக்கும் ஒன்று. சிறுத்தை நாயைத் தூக்கினால்கூட உடனே பிடித்து வண்டலூருக்கு அனுப்பு என்று போன் போடுகிறோம். கூண்டில் ஒரு புலி பதினைந்து வருஷத்துக்கு மேலேகூட வாழும். அத்தனை வருஷம் தினமும் கறி, டாக்டர், ஆள். எத்தனை கூண்டுதான் கட்டுவார்கள்? லைன் வீட்டுக்குப் பின்னால் கோழிக் கழிவு கொட்டுகிறவரை சிறுத்தை வந்துகொண்டேதான் இருக்கும்.

பூங்கா நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள், அவர்கள் இதைப் படித்தால் நல்லது. மிருகத்தைப் பிடித்து லாரியில் ஏற்றிப் போனபிறகு அது என்ன ஆனது என்று எங்கள் மலைப் பிள்ளைகளுக்கு யாரும் வந்து சொன்னதில்லை. பிழைத்ததா, செத்ததா, ஒன்றும் தெரியாது. கீப்பரையோ டாக்டரையோ வருஷத்துக்கு ஒருமுறை கூடலூருக்கும் பந்தலூருக்கும் அனுப்புங்கள், எங்கள் பள்ளியிலேயே சாப்பாடு போடுகிறோம். அதுவும் முடியாவிட்டால் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், காலைக் கூட்டத்தில் நானே வாசித்துக் காட்டுகிறேன். அந்தப் பிள்ளை பெரிய வகுப்புக்குப் போனபிறகும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதையேதான் கேட்கிறாள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
கூடலூர், நீலகிரி.