இருபதாவது அணி டார்வினுக்கு வரட்டும்: ஏஎஃப்எல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்திரேலியக் கால்பந்து லீகின் ஆணையத்தினருக்கு,

வணக்கம். டாஸ்மேனியா டெவில்ஸ் 2028இல் களமிறங்கும்போது லீகில் 19 அணிகள் இருக்கும். ஒற்றைப்படை என்பதால் வாரத்துக்கு ஓர் அணியாவது சும்மா உட்கார வேண்டியிருக்கும். ஆகவே இருபதாவது அணி என்றைக்காவது வரத்தான் போகிறது, எந்த ஊருக்கு என்பதுதான் பாக்கி. கான்பரா என்கிறார்கள், கெய்ன்ஸ் என்கிறார்கள், பெர்த்துக்கே மூன்றாவது அணி கொடுக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். நான் டார்வினில் குடியிருப்பவன். அந்த அணி ஆஸ்திரேலியாவின் வடக்கே இருக்கும் நார்தர்ன் டெரிட்டரிக்கு, டார்வினைத் தளமாகக் கொண்டு வர வேண்டும் என்று கேட்கிறேன். கூடவே இன்னொன்று: டாஸ்மேனியாவிடம் போட்ட ஸ்டேடிய நிபந்தனையை எங்களிடம் போடாதீர்கள்.

இதன் ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வரும். தமிழில் எழுதுவது இங்கே இருக்கும் நம்மவர்களுக்காக. ஃபுட்டி என்றாலே சேனலை மாற்றிவிட்டு கிரிக்கெட்டுக்குப் போகிறவர்கள் நம்மில் அதிகம். அவர்களுக்கு ஒரு வரி: கிரிக்கெட் மைதானத்தில், பக்கத்துக்கு 18 பேர், முட்டை வடிவப் பந்தை உதைத்தும் கையால் குத்தியும் கொண்டுபோய் நான்கு கம்பங்களுக்கு நடுவே அடிக்கும் ஆட்டம். பாக்கியைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். டெரிட்டரி முழுவதும் சேர்த்தே சுமார் இரண்டரை லட்சம் பேர். டார்வினில் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம். பெரிய கம்பெனிகளின் தலைமையகம் எதுவும் இங்கே இல்லை. உறுப்பினர் சந்தா, ஸ்பான்சர், டிவி பார்ப்போர் எண்ணிக்கை என்று நீங்கள் போடும் எந்தப் பட்டியலிலும் நாங்கள் கடைசியில்தான் வருவோம். இதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு வரிசை விட்டுப்போயிருக்கிறது. இந்த ஊர் உங்களுக்குக் கொடுத்த ஆட்டக்காரர்கள் அதில் எங்குமே கணக்கில் வரவில்லை.

கிராண்ட் ஃபைனலில் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கு நார்ம் ஸ்மித் பதக்கம் கொடுக்கிறீர்கள், 1979 முதல். 1982இல் அதை வாங்கியவர் ரிச்மண்டின் மாரிஸ் ரியோலி. அவர் அணி அன்றைக்குத் தோற்றது. தோற்ற அணியிலிருந்து அந்தப் பதக்கத்தை வாங்கிய முதல் ஆள் அவர்தான். 1993இல் எசண்டனின் மைக்கேல் லாங். 1997லும் 1998லும் அடிலெய்டின் ஆண்ட்ரூ மெக்லியோட், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு. 2015இல் ஹாதார்னின் சிரில் ரியோலி. நான்கு பேரும் டார்வின், அதற்கு வடக்கே கடலில் இருக்கும் டிவி (Tiwi) தீவுப் பக்கத்துப் பிள்ளைகள். அதில் மூன்று பேர் செயின்ட் மேரீஸ் என்ற ஒரே உள்ளூர் கிளப். 1950களின் தொடக்கத்தில், டிவி தீவுகளிலிருந்து டார்வினுக்கு வேலைக்கு வந்த ஆண்கள் விளையாடுவதற்கென்று தொடங்கிய கிளப் அது. சிரிலுக்கு மாரிஸ் அப்பா பக்கத்து உறவு, மைக்கேல் லாங் தாய்மாமன். ஒரே குடும்பத்து வேர்களிலிருந்து மூன்று கிராண்ட் ஃபைனல் பதக்கங்கள்! மெல்பர்னின் பெரிய புறநகர் ஒன்றால் இதைச் சொல்லிக்கொள்ள முடியுமா?

ஐந்து பதக்கங்களும் நாலு வெவ்வேறு தென்னாட்டு கிளப்புகளின் கண்ணாடி அலமாரிக்குப் போயின. அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. தந்தை ஒரு கிளப்புக்காக 100 ஆட்டங்கள் ஆடியிருந்தால் மகனை அந்த கிளப் முன்னுரிமையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விதி வைத்திருக்கிறீர்கள். மாரிஸ் ரிச்மண்டுக்காக 118 ஆட்டங்கள் ஆடினார். ஆகவே புது ஆட்டக்காரர்களை கிளப்புகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டில், 2020இல், அவர் மகன் மாரிஸ் ரியோலி ஜூனியரும் ரிச்மண்டுக்கே போனார். விதியில் தப்பில்லை, எல்லா ஊருக்கும் பொதுவான விதிதான். ஆனால் சொந்த அணி இல்லாத ஊருக்கு அது ஒருவழிப் பாதையாகிவிடுகிறது: அப்பா போன இடத்துக்கே பிள்ளையும் போகிறான், தலைமுறை தலைமுறையாக.

சனிக்கிழமை காலையில் பரப் சந்தைக்கு வந்து பாருங்கள். லக்சா கடை முன்னால் வரிசை சாலை வரை நிற்கும். வியர்வையில் முதுகோடு ஒட்டிய ஜெர்சியில் பிள்ளைகள் பெற்றோரின் காலைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஒருவன் ஹாதார்னின் பழுப்பு மஞ்சள், அடுத்தவள் எசண்டனின் சிவப்புப் பட்டை, இன்னொருவன் ரிச்மண்ட், அவன் தம்பி காலிங்வுட். சில சமயம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் மூன்று நிறத்தில் நிற்பார்கள். ஏனென்றால் மூன்று மாமன்மார் மூன்று கிளப்புகளுக்கு ஆடியிருக்கிறார்கள். அவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து போட்டுக்கொள்ள ஒரு ஜெர்சி கிடையாது.

இந்த ஊரில் ஃபுட்டி இல்லாத மாதமே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். தெற்கே நீங்கள் குளிர்காலத்தில் ஆடுகிறீர்கள். எங்கள் என்டிஎஃப்எல் மழைக்காலத்தில், அக்டோபரிலிருந்து மார்ச் வரை நடக்கிறது. 1916இல் தொடங்கிய லீக். மேகம் கறுத்து இடி இடிக்கும்போதும் ஆட்டம் நடக்கும், தரை சதசதவென்று இருக்கும், பந்து சோப்புக் கட்டி மாதிரி வழுக்கும். அதிலேயே ஒரு கையால் எட்டிப் பிடித்து, திரும்பிப் பார்க்காமலே அடுத்தவனுக்குத் தட்டிவிடும் பையன்களைத்தான் பிறகு உங்கள் வர்ணனையாளர்கள் ‘மாயம்’ என்கிறார்கள். மாயம் ஒன்றுமில்லை. எட்டு வயதிலிருந்து அந்த ஈரத்தில் ஆடிய பழக்கம் அது. மார்ச்சில் டிவி தீவு கிராண்ட் ஃபைனல் நடக்கும் நாளில் டார்வினிலிருந்து படகிலும் சின்ன விமானத்திலும் ஜனங்கள் பாதர்ஸ்ட் தீவுக்குக் கிளம்பிவிடுவார்கள். அன்றைக்கே அங்கே ஓவியச் சந்தையும் உண்டு. தீவுகளில் வசிப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஆனால் அங்கே போட்டி போடுவதற்கு ஒரு முழு லீகே இருக்கிறது.

இப்போதைய ஏற்பாடு என்ன? டெரிட்டரி அரசு பணம் கொடுக்கிறது, ஏதாவது ஓர் அணி வந்து வருடத்துக்கு ஒன்றிரண்டு ஆட்டம் ஆடிவிட்டுப் போகிறது. முன்பு வெஸ்டர்ன் புல்டாக்ஸ், அப்புறம் மெல்பர்ன், இப்போது கோல்ட் கோஸ்ட் சன்ஸ். எங்கள் ஊரில், எங்கள் வரிப்பணத்தில், அடுத்த ஊர்க்காரரின் ‘சொந்த மைதான ஆட்டம்’. வாடகை கட்டுவது நாங்கள், வீட்டுச் சாவி அவர்களிடம். 2020இல் கோவிட் வந்து விக்டோரியா முடங்கியபோது, பூர்வகுடிகளைப் போற்றும் விதமாக ரிச்மண்டும் எசண்டனும் ஆடும் ட்ரீம்டைம் ஆட்டத்தை டார்வினின் மரரா மைதானத்துக்குத்தான் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். ஆகஸ்ட் இரவு, நல்ல வெளிச்சம், நல்ல தரை, டிவியில் பார்த்த எல்லாரும் பாராட்டினார்கள். அவசரத்துக்கு உதவும் மைதானம், அணி என்றால் மட்டும் உதவாது என்று சொன்னால் எப்படி?

கோல்ட் கோஸ்டின் கதை உங்களுக்கு நன்றாகவே தெரியும். 2011இல் லீகுக்குள் வந்த அந்த அணி முதன்முறையாக ஃபைனல்ஸ் (லீக் சுற்று முடிந்து முன்னணி அணிகள் மட்டும் ஆடும் கட்டம்) ஆடியது 2025இல். பதினாலு வருடம் காத்திருந்தீர்கள், பணம் கொட்டினீர்கள், ட்ராஃப்டில் சலுகை கொடுத்தீர்கள். அந்தச் சலுகைகளில் ஒன்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளை முன்னுரிமையில் எடுக்கும் உரிமை. டார்வினில் பிறந்த ஸ்டீவன் மே அப்படித்தான் சன்ஸுக்குப் போனார், கேப்டனும் ஆனார், 2018 முடிவில் மெல்பர்னுக்குப் போய் 2021இல் கோப்பையும் வென்றார். சன்ஸ் மீது எனக்குக் கோபமில்லை. அங்கே காட்டிய பொறுமையை இங்கே ஏன் காட்ட முடியாது என்பதுதான் கேள்வி. கடற்கரையும் ரக்பி லீகும் மட்டுமே தெரிந்த ஓர் ஊருக்கு ஃபுட்டியைக் கற்றுக்கொடுக்கப் பதினாலு வருடம் செலவழிக்கலாம், ஃபுட்டி ஏற்கனவே தெரிந்த ஊருக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே வரவுசெலவு டாலி ஆக வேண்டுமா?

இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. எங்களுக்கென்று ஓர் அணி இருந்தது. என்டி தண்டர். வடகிழக்கு லீகில் சிட்னி, பிரிஸ்பேன் அணிகளோடு ஆடியது, 2015இல் கோப்பையும் வென்றது. 2019க்குப் பிறகு அதை மூடிவிட்டார்கள், பெண்கள் அணியையும் சேர்த்தே. அதற்கப்புறம் பதினேழு வயதுப் பையனுக்கு ஊரில் இருந்துகொண்டே ஏறும் படி இல்லாமல் போனது. தெற்கே கிளம்ப வேண்டும், மெல்பர்ன் குளிரில், தன் மொழியில் பேச ஒருவரும் இல்லாத வீட்டில் தங்க வேண்டும். நிறையப் பேர் ஓரிரு வருடத்தில் திரும்பிவிடுகிறார்கள். அதை ‘ஊர் ஏக்கம்’ என்று அனுதாபத்தோடு எழுதுகிறார்கள், ஏதோ அந்தப் பையனின் பலவீனம் மாதிரி. நாலு கோப்பை வென்ற சிரில் ரியோலியே 29 வயது முடியும் முன் விளையாட்டை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். லீகில் பூர்வகுடி ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை 2020க்குப் பிறகு குறைந்துவருகிறது என்று நீங்களே கவலைப்படுகிறீர்கள். டெரிட்டரியில் பத்துக்கு மூன்று பேர் பூர்வகுடிகள். ஓர் அணியை எங்கே வைத்தால் அந்தக் கவலை குறையும் என்று கண்டுபிடிக்க ஆலோசனைக் கம்பெனி எதற்கு?

இனி ஸ்டேடியம். ஹோபார்ட்டில் 23,000 இருக்கைகளோடு கூரை போட்ட ஸ்டேடியம் கட்டினால்தான் உரிமம் என்றீர்கள். 71 கோடியே 50 லட்சம் டாலர் என்று தொடங்கிய மதிப்பீடு நூறு கோடியைத் தாண்டிவிட்டது. 2025இல் அந்த மாநில முதல்வர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறித் தேர்தலே வந்தது. அந்தச் சண்டையில் ஸ்டேடியத்துக்கும் பங்குண்டு. அணி வேண்டும், ஸ்டேடியம் வேண்டாம் என்று சொன்ன டாஸ்மேனியர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இரண்டையும் பிரிக்க முடியாத பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தது நீங்கள்.

இங்கே அதைச் செய்தால் அநியாயம். டெரிட்டரியின் தொலைதூரக் கிராமங்களில் ஒரே வீட்டில் மூன்று நாலு குடும்பங்கள் நெருக்கியடித்து இருக்கின்றன. அரசு கடனில் இருக்கிறது. இந்த நிலையில் கூரை போட்ட ஸ்டேடியத்துக்குக் கோடிகளைக் கேட்டால் நானே எதிர்த்து ஓட்டுப் போடுவேன். கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மரராவில் சுமார் 12,500 பேர் ஆட்டம் பார்க்கலாம். ஐம்பது லட்சம் பேருக்கு மேல் இருக்கும் மெல்பர்னில் எம்சிஜி ஒரு லட்சம் பேரைக் கொள்கிறது என்று பெருமைப்படுகிறோம். ஊர் அளவோடு ஒப்பிட்டால் எங்கள் மைதானம் அதைவிடப் பெரியது. விளக்கைச் சரிசெய்யுங்கள், உடை மாற்றும் அறைகளைப் புதுப்பியுங்கள், நிழல் கூரையை நீட்டுங்கள். போதும்.

வெயில் என்பார்கள். மே முதல் ஆகஸ்ட் வரை டார்வினில் மழை இல்லை என்றே சொல்லலாம். இரவில் பனி இறங்கிப் பந்து வழுக்கும், அவ்வளவுதான். ஒரு கிளப்புக்கு சொந்த ஆட்டங்கள் 11. அதில் எட்டு ஒன்பதை அந்த மாதங்களில் மரராவில் இரவு ஆட்டமாக வைக்கலாம், மீதியை ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸின் ட்ரேகர் பார்க்கில். புழுக்கமான மார்ச், ஏப்ரலில் வெளியூர் ஆட்டங்களாகப் போட்டுவிடலாம். அட்டவணை போடுவது உங்கள் வேலை, நீங்கள் நினைத்தால் முடியும். பயணம் தூரம் என்பார்கள். மெல்பர்னுக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். பெர்த் அணிகள் முப்பது வருடத்துக்கு மேலாக அப்படித்தான் பறந்துகொண்டிருக்கின்றன, கோப்பையும் வாங்கியிருக்கின்றன.

இங்கே யாரும் நிலையாகத் தங்குவதில்லை என்ற வாதம் மட்டும் உண்மை. அது நம்மவர்களையும் சேர்த்துத்தான். வட்டார விசாவில் வந்து, நர்ஸாகவோ டாக்சி ஓட்டியோ நிரந்தரக் குடியுரிமை வரும் வரை இருந்துவிட்டு, கையெழுத்து விழுந்த மாதமே மெல்பர்னுக்குச் சாமான் கட்டுபவர்கள் எத்தனை பேர்! “அண்ணை, இங்க என்ன இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போன தம்பிகளுக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடிந்ததில்லை. ஓர் அணி வந்தால் எல்லாரும் தங்கிவிடுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தத் தேசிய லீகிலும் தனக்கென்று ஒரு தொழில்முறை அணி இல்லாத தலைநகர் இது. கான்பராக்காரர்கள் கோபிக்க வேண்டாம், அவர்களுக்கு ரக்பி லீகில் ரெய்டர்ஸ் உண்டு, 2012 முதல் மனுக்கா ஓவலில் ஏஎஃப்எல் அணியான ஜயண்ட்ஸும் ஆடுகிறது, மூன்று மணி நேரம் காரில் போனால் சிட்னி. எங்களுக்கு மூன்று மணி நேரத் தூரத்தில் இருப்பது கேத்தரின் என்ற சின்ன ஊர்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். இப்போதைய 450 கோடி டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தம் 2031இல் முடிகிறது. அடுத்ததைப் பேசும்போது இருபது அணிகளின் கணக்கில் பேசுங்கள், 2032 என்று ஒரு வருடத்தை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதுவரை டாஸ்மேனியாவுக்குச் செய்தது போல, ஏஎஃப்எல்லுக்கு அடுத்த படியான விஎஃப்எல்லில் எங்களுக்கு ஓர் அணி அமையட்டும், ஆண்களுக்கும் பெண்களுக்கும். 2017இல் முதல் பெண்கள் லீக் கோப்பையை வென்ற அடிலெய்டு அணியில் டார்வினிலேயே இருந்து பயிற்சி எடுத்த பெண்கள் ஆடினார்கள். ஆகவே அது நடக்காது என்று சொல்லாதீர்கள். உரிமத்துக்கு நிபந்தனை போடுவதானால், பயிற்சி மையம் டார்வினில் இருக்க வேண்டும், நிர்வாகக் குழுவில் பூர்வகுடிகள் பாதிப்பேர் இருக்க வேண்டும், ஆலிஸ் ஸ்ப்ரிங்ஸில் ஆட்டம் நடக்க வேண்டும் என்று போடுங்கள். ஸ்டேடியத்தை விட்டுவிடுங்கள்.

கொடுக்கப் போவதில்லை என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு ஆட்டத்துக்குக் கொடுக்கும் பணத்தை நிறுத்தி, அதை டிவி தீவிலும், வடேயே, யுவண்டுமு போன்ற தொலைதூரக் கிராமங்களிலும் மைதானத்துக்கு விளக்குப் போடச் செலவழியுங்கள் என்று எங்கள் அரசிடம் போய்க் கேட்க எங்களுக்கும் வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
டார்வின்வாசி ஒருவர்