ஓடுகிற இன்ஜினில் ஸ்பேனர் வைக்காதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைனா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ ஓசூரிலிருந்து போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஒரு லாரி மிஸ் அடிக்கிறது, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க ஓடுகிற இன்ஜினில் டீசல் பைப்பின் நட்டைத் தளர்த்தப் போனேன், சூப்பர்வைசர் ஓடி வந்து கையைப் பிடித்துவிட்டார் என்றாய். "நீ சொல்லிக் கொடுத்ததுதானே நைனா" என்றாய். ஆமாம், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதனால் நானேதான் வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும்.

காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் நம் கடை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஏப்ரல் 15-க்குப் படகைக் கரையில் கட்டிப்போட்டால் ஜூன் 14 வரை டீசல் பம்பும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலும் மூட்டையாக வந்து இறங்கும். அப்படி ஒரு லீவில்தான் உன்னைப் படகு இன்ஜின் பக்கத்தில் உட்கார வைத்து, ஆறு நட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்திக் காட்டினேன். தளர்த்தியதும் இன்ஜின் தடுமாறினால் அந்த சிலிண்டர் உயிரோடு இருக்கிறது, சத்தம் மாறவே இல்லை என்றால் அதுதான் செத்தது. மூன்றாவது நட்டில் சத்தம் மாறவில்லை. எனக்கு முன்னால் நீ சொல்லிவிட்டாய். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை இன்னும் குறையவில்லை.

ஆனால் அது பழைய பம்ப். அதில் நாசில் திறப்பது 200, 250 பார் பிரஷரில். பம்புக்குள் இருக்கும் பிளஞ்சர் டீசலைத் தள்ளும் நேரம் மட்டும்தான் பைப்பில் பிரஷர் ஏறும், நட்டைத் தளர்த்தினால் டீசல் துப்பும், அவ்வளவுதான். நீ இப்போது பார்ப்பது காமன் ரெயில், எல்லா சிலிண்டருக்கும் பொதுவாக ஒரே குழாய். அந்த ரெயிலுக்குள் இன்ஜின் ஓடும்போது எந்நேரமும் பிரஷர் தேங்கி நிற்கும். 1,600 பார், 2,000 பார், சிலதில் அதற்கும் மேலே. லாரி டயரில் நாம் அடிப்பதே 8 பார்தான். அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்.

200 பாரே என்ன செய்யும் என்று நான் பார்த்திருக்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னால், என்னோடு வேலை பார்த்த ஒரு அண்ணன் நாசிலைச் சோதிக்கும் டெஸ்டரில் டீசல் ஸ்பிரே பார்க்கும்போது விரலைக் குறுக்கே வைத்துவிட்டார். ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. ரத்தம்கூட வரவில்லை, வலியும் இல்லை. பக்கத்து கிளினிக்கில் ஒரு டிடி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் முழங்கை வரை வீங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது டீசல் உள்ளே ஓடி சதையைக் கெடுத்திருந்தது. ஆள்காட்டி விரலை எடுத்துத்தான் கையைக் காப்பாற்றினார்கள். வலிக்கவில்லை என்று யார் சொன்னாலும் நம்பாதே. புள்ளி மாதிரி பட்டாலும் உடனே ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், "பிரஷரில் டீசல் தோலுக்குள்ளே போய்விட்டது" என்று நீயே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

லீக் தேட கையால் தடவாதே. அட்டையைக் காட்டு, நனைந்தால் அங்கேதான் ஓட்டை. பைப்பைத் தொடுவதற்கு முன் இன்ஜினை அணை, அந்த இன்ஜினின் மேனுவல் சொல்லும் நேரம் வரை காத்திரு, இன்ஜினோடு இணைத்துப் பார்க்கும் ஸ்கேனரில் ரெயில் பிரஷர் இறங்கிவிட்டதா பார். செத்த சிலிண்டரைக் கண்டுபிடிக்கவும் ஸ்கேனரிலேயே ஒவ்வொரு சிலிண்டராக டீசலை கட் பண்ணி, சத்தம் மாறுகிறதா என்று பார்க்கலாம். இதற்கும் காது கூர்மைதான் வேண்டும், உனக்கு அது இருக்கிறது. நாசிலைத் தாங்கும் இன்ஜெக்டர் ஒவ்வொன்றிலிருந்தும் திரும்பி வரும் ரிட்டர்ன் டீசலை ஒரே அளவு பாட்டில்களில் பிடித்துப் பார்த்தால், எது மற்றதைவிட அதிகமாக நிரம்புகிறதோ அதற்குள் தேய்மானம் இருக்கிறது. இதற்கும் காது கூர்மைதான் வேண்டும், உனக்கு அது இருக்கிறது.

அப்புறம் சுத்தம். இதில் மட்டும் நான் சொன்னது எதுவும் மாறவில்லை. நாசில் ஊசியை நல்ல டீசலில் நனைத்து, மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து, நிமிர்த்திப் பிடித்து விட்டால் தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்று காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? ஊசிக்கும் அது ஓடுகிற துளைக்கும் நடுவே இடைவெளி 2, 3 மைக்ரான்தான். தலைமுடி 70 மைக்ரான் வரும். நம் பக்கத்து உப்புக் காற்றில் வருகிற தூசு ஒன்று போதும், ஊசி பாதியில் நின்றுவிடும். அதனால்தான் டெஸ்ட் ரூமில் உன் அம்மாவைக்கூட ஃபேன் போட விடமாட்டேன். நீ வேலை பார்க்கும் இடத்தில் துடைக்க யாராவது காட்டன் வேஸ்ட் கொடுத்தால் வாங்காதே, பஞ்சு நூல் உள்ளே போகும். கழற்றுவதற்கு முன்னாலேயே வெளிப்பக்கத்தைக் கழுவிவிடு. மிக்ஜாம் புயலுக்குப் பிறகு டேங்கில் தண்ணீர் புகுந்த லாரிகள் எத்தனை வந்தன, உள்ளே துருப்பிடித்து ஊசி ஒட்டிக்கொண்டதை நீயும் பார்த்தாய். டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் செபரேட்டரில் தண்ணீர் வடிப்பதைச் சின்ன வேலை என்று விட்டுவிடாதே.

இன்ஜெக்டர் மாட்டும்போது பழைய காப்பர் வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், டார்ச் அடித்துப் பார். அதன் மேல் புதுசைப் போட்டால் நாசில் உயரத்தில் நிற்கும், சிலிண்டரிலிருந்து கேஸ் கசியும். புது இன்ஜெக்டரின் தலையில் இருக்கும் கோட் எண்ணை ஸ்கேனரில் ஏற்ற மறக்காதே. பைப்பைத் திரும்பப் போடக்கூடாது என்று மேனுவலில் இருந்தால், ஓனர் எவ்வளவு முனகினாலும் புதுசுதான்.

அந்த சூப்பர்வைசரிடம் நான் நன்றி சொன்னதாகச் சொல். அவருக்குக் கோபம் வந்திருந்தாலும் அதில் தப்பில்லை.

அடுத்த வாரம் ஓசூர் போகிற லாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் அனுப்புகிறேன். புது பம்பிலும் பைப்பிலும் வந்த பிளாஸ்டிக் மூடிகளை இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, சைஸ் வாரியாகக் கவரில் ஒட்டியிருக்கிறேன். ஒரு பைப்பைக் கழற்றினால் அடுத்த நட்டில் கை வைக்கும் முன் அதன் இரண்டு வாயையும் மூடிவிடு. பாட்டில் வந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
நைனா